லிஸ்பனில் என்ன சேர் பார்த்தீங்க?



ஏப்ரல் விடுமுறையில் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரம் லிஸ்பனுக்குப் போய் வந்தேன். லண்டனில் இருக்கும் தம்பி டிக்கட் போட்டுத் தந்தான். வீசாவுக்குப் பட்ட பாடு தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். நாலு நாள் நின்றோம், அல்ஹம்துலில்லாஹ். வந்ததிலிருந்து ஆசிரியர் அறையிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஒரே கேள்விதான்: “அங்க என்ன சேர் பார்த்தீங்க?”

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். போக நினைப்பவர்களுக்கு இடங்களின் பட்டியல் கிடைக்கும். வரலாறு படிப்பிக்கும் ஒருவனுக்கு அந்த ஊர் என்ன செய்தது என்பதும் கூடவே வரும். அதைப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஏன் லிஸ்பன் என்று சொல்லவேண்டும். தம்பி பாரிஸ் போவோம் என்றுதான் சொன்னான். நான்தான் பிடிவாதமாக நின்றேன். சில வருடங்களுக்கு முன் பத்தாம் தர வகுப்பில் ஒரு மாணவன் தன் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கிலப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினான். “சேர், இதில ‘மூர்’ எண்டு போட்டிருக்கு. நாம மொரோக்கோவில இருந்தா வந்தோம்?” வகுப்பே சிரித்தது.

தமிழில் நமக்குச் சோனகர் என்று பெயர். அது யவனர் என்ற பழைய சொல்லோடு தொடர்புள்ளது. ‘மூர்’ என்பது போர்த்துக்கேயர் நமக்கு வைத்த பெயர். அவர்கள் தங்கள் ஊரில் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டையிட்ட முஸ்லிம்களை அப்படித்தான் அழைத்தார்கள். கடல் கடந்து வந்து, கொழும்பில் கறுவா வியாபாரம் செய்துகொண்டிருந்த நம்மைப் பார்த்ததும் “இங்கேயும் அவர்களா?” என்று அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். இதை அந்த மாணவனுக்குச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்தே அந்தப் பெயர் பிறந்த ஊரைப் பார்க்க ஆசை இருந்தது.

1. மலைக்கோட்டையும் அல்பாமாவும்

முதல் நாள் காலை சாவோ ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறினோம். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பார்க்க வடிவு, மழை பெய்தால் வழுக்கும். நல்ல சப்பாத்து வேண்டும். மஞ்சள் நிற 28ஆம் இலக்க ட்ராம் பழைய தெருக்களுக்குள் வளைந்து வளைந்து ஏறும். எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள், ஆகவே பொக்கட் கவனம். காலை நேரத்தோடு போனால் இருக்க இடம் கிடைக்கும்.

கோட்டையின் மேலிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் கடல் போல அகன்ற தேஜோ ஆறு. இந்த ஊரை முஸ்லிம்கள் 400 வருடங்களுக்கு மேல் ஆண்டார்கள். அப்போது இதன் பெயர் அல் உஷ்பூனா. நாம் ஏறி நின்ற கோட்டையும் 11ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியதுதான். 1147இல் அபொன்சோ என்றிக்கே மன்னன், சிலுவைப் போருக்குப் புறப்பட்டு வந்த கப்பல் படைகளின் உதவியோடு, ஜூலை முதல் ஒக்டோபர் வரை முற்றுகையிட்டு நகரைப் பிடித்தான். கோட்டைக்குள் அந்தக் கால முஸ்லிம் வீடுகளின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன அறைகள், நடுவே முற்றம். எங்கள் உம்மம்மா இருந்த பழைய வீட்டின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான்.

கீழே இறங்கினால் பெரிய தேவாலயம் வரும். நகரைப் பிடித்த பின், பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் எழுப்பியது. அதைத் தாண்டி அல்பாமா. அந்தப் பெயரே அரபுதான். அல் ஹம்மா, வெந்நீர் ஊற்று. ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய ஒழுங்கைகள், மேலே கயிற்றில் காயும் உடுப்புகள், சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமான ஓடுகள். அந்த ஓட்டை ‘அசுலேஜு’ என்கிறார்கள், அதுவும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்கள் போனாலும் சொற்கள் போகவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டை நடத்தியவர் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. இரண்டாம் நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. “பின்னேரம் நிற்கும், ஒஷலா” என்றார். தம்பியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஒஷலா... கடவுள் நாடினால்” என்று விளக்கினார். நம்முடைய இன்ஷா அல்லாஹ்தான்! கழுத்தில் சிலுவை போட்ட அந்த அம்மாவின் வாயில் அது அவ்வளவு இயல்பாக வந்தது.

பதிலுக்கு நான் அவருடைய வீட்டில் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாகக் காட்டி எங்கள் பெயரைச் சொன்னேன். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், துவாய், சப்பாத்து, குசினி, பாண். அவர் தம் சொல்லைச் சொன்னார். கடெய்ரா, மேசா, அர்மாரியோ, ஜனேலா, துவாள்யா, சபாத்து, குசீன்யா, பௌங். அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டுக்குள் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் நாம் இன்னும் இருக்கிறோம்.

2. பெலெங்

நகர மத்தியிலிருந்து ட்ராமில் அரை மணி நேரம் போனால் ஆற்றங்கரையில் பெலெங். லிஸ்பனில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். ஜெரோனிமுஸ் மடாலயம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

அந்த மடாலயத்தைப் பற்றி எப்படி எழுதுவது? கல்லில் கயிறு முறுக்கியிருக்கிறார்கள். கல்லில் பவளம் வளர்த்திருக்கிறார்கள். தூண்கள் மேலே போய்ப் பனை ஓலை போல விரிகின்றன. 1501 அளவில் தொடங்கி ஒரு நூற்றாண்டு இழுத்த வேலை. உள்ளே வாசலுக்கருகே வஸ்கோ ட காமாவின் கல்லறை. செலவு எங்கிருந்து வந்தது? ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த பண்டங்களின் மேல் விதித்த நூற்றுக்கு ஐந்து வரியிலிருந்து. அதாவது கடல் கடந்த வணிகம் கட்டிய மடாலயம் அது.

கட்டியவன் முதலாம் மனுவெல் மன்னன். அந்தக் கட்டடப் பாணிக்கே அவன் பெயர்தான். வஸ்கோ ட காமாவை இந்தியாவுக்கு அனுப்பியவனும் அவன்தான். 1505இல் லொரென்சோ த அல்மேதாவின் கப்பல் நம் கரைக்கு ஒதுங்கியபோது அரியணையில் இருந்தவனும் அவன்தான். இன்னொன்றும் செய்தான். 1496 டிசம்பரில், யூதர்களும் முஸ்லிம்களும் போர்த்துக்கலை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை போட்டான். முஸ்லிம்கள் போனார்கள். யூதர்களில் பெரும்பாலோரைப் போகவும் விடவில்லை, கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்து ‘புதிய கிறிஸ்தவர்’ என்று பெயர் வைத்தான். இந்த மனுவெலின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவான்.

மடாலயத்துக்குக் கிட்ட 1837இலிருந்து நடக்கும் ஒரு பேக்கரியில் முட்டைக் கஸ்டர்ட் அடைத்த சின்னப் பேஸ்ட்ரி விற்கிறார்கள். வரிசை நீளம், ஆனால் வேகமாக நகரும். நாம் சாப்பிடலாமா என்பதைச் சேர்மானம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், சில கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்களாம். நாங்கள் கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம். மேலே தூவச் சின்னப் பொட்டலத்தில் கறுவாத் தூள் இலவசமாகத் தந்தார்கள். அதைக் கிழித்துத் தூவும்போது கை கொஞ்சம் நின்றது. எத்தனை கப்பல், எத்தனை கோட்டை, எத்தனை உயிர். இப்போது சும்மா தருகிறார்கள்.

ஆற்றோரமாக நடந்தால் 1960இல் எழுப்பிய கண்டுபிடிப்புகளின் நினைவுச் சின்னம். கப்பலின் முன்பக்கம் போன்ற பெரிய கல், அதில் இளவரசர் ஹென்றி முன்னால் நிற்க, மாலுமிகளும் பாதிரிமாரும் பின்னால் ஏறி வருகிறார்கள். கீழே தரையில் 50 மீற்றர் அகலத்துக்குச் சலவைக்கல்லில் திசைகாட்டி, நடுவே உலகப் படம். பிள்ளைகள் நாடு நாடாகத் தாண்டி விளையாடினார்கள். நான் நம் தீவு இருக்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரு சப்பாத்துக்குள் அடங்கிவிட்டது. “நானா, படம் எடுக்கவா?” என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன்.

சொல்ல வெட்கம்தான், ஆனால் சொல்கிறேன். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. இங்கே முன்பே இருந்த நம்மவர்களோடு அவர்களும் கலந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். அந்தச் சின்னத்தின் அடியிலும் அதே குரல்தான் எனக்குள் கேட்டது. “இவ்வளவு பெரிய கல் வைத்தீர்களே, எங்களை விரட்டியதை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?”

3. ஆற்றங்கரைச் சதுக்கமும் கூரையில்லாக் கோயிலும்

மூன்றாம் நாள் நகரின் தாழ்ந்த பகுதியைப் பார்த்தோம். பிரசா து கொமேர்சியோ என்ற சதுக்கம் மூன்று பக்கம் மஞ்சள் கட்டடம், ஒரு பக்கம் ஆறு. இங்கேதான் பழைய அரண்மனை இருந்தது. 1540களில் கோட்டை மன்னன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலவைப் போல ஒரு பொற்சிலை செய்து, அதற்கு முடிசூட்டித் தரும்படி லிஸ்பனுக்குத் தூது அனுப்பினானே, பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பிள்ளை கொழும்புப் பக்கம், பொம்மைக்கு முடி லிஸ்பனில். இப்போது அரண்மனை இல்லை.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலையில் கோயில்கள் நிறைய ஆட்கள். அந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. பிழைத்தவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் உள்வாங்கியது. பிறகு அலையாக வந்தது. எஞ்சியதை நெருப்பு எரித்தது. பல்லாயிரம் பேர் போனார்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கிழக்கு மாகாணத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் அந்தப் படிக்கட்டில் இருந்து அல்பாத்திஹா ஓதினேன்.

மேட்டில் கார்மு என்ற கோயிலைக் கூரை விழுந்த மாதிரியே விட்டிருக்கிறார்கள். வளைவுகள் மட்டும் நிற்கின்றன, மேலே வானம். கட்டாயம் பாருங்கள்.

நகரைத் திரும்பக் கட்டிய அமைச்சர் பொம்பால். பாதிரிமார் பலர் இது பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். பொம்பாலின் அரசாங்கமோ ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பியது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, நிலம் வெடித்ததா. நிலநடுக்க அறிவியல் அந்தக் கேள்வித்தாளிலிருந்து தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. இறந்தவர்கள் மேல் பழி போடாமல், நடந்தது என்ன என்று கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகு நம் ஊர்களில் கேட்ட சில பயான்கள் எனக்கு நினைவு வந்தன. அலை கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

4. மொவ்ராரியா

1147க்குப் பிறகு தோற்ற முஸ்லிம்களுக்குக் கோட்டை மலையின் வடக்குச் சரிவில் ஒரு இடம் ஒதுக்கினார்கள். 1170இல் மன்னன் அவர்களுக்குச் சாசனமும் கொடுத்தான். மொவ்ராரியா, மூர்களின் சேரி. 1496 கட்டளை வரும் வரை அங்கே வாழ்ந்தார்கள். என் மாணவனின் பத்திரத்தில் இருக்கும் சொல் அந்தத் தெருக்களின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

அடிவாரத்தில் மார்த்திங் மொனிஸ் சதுக்கம். 1147 முற்றுகையில் கோட்டைக் கதவு மூடாமல் இருக்கத் தன் உடலையே இடையில் கொடுத்து இறந்தான் என்று சொல்லப்படும் வீரனின் பெயர் அது. மூர்களைத் தோற்கடித்தவன் பெயரிலுள்ள சதுக்கத்தில் இன்று யார் நிற்கிறார்கள்? பங்களாதேஷ், பாகிஸ்தான், நேபாளம், இந்தியா, ஆபிரிக்கா. பக்கத்துத் தெருவில் ஹலால் இறைச்சிக் கடை, பிரியாணி, போன் கார்ட், சின்னத் தொழுமிடம். நல்ல சோறு குறைந்த விலையில் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள்.

எங்களுக்குச் சோறு போட்ட பங்களாதேஷ்காரர் ஒரு விஷயம் சொன்னார். 2024 டிசம்பரில் பொலிஸார் அந்தத் தெருவில் நின்றவர்களை வரிசையாகச் சுவரில் கை வைத்து நிற்கச் சொல்லிச் சோதனை போட்டார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கான போர்த்துக்கேயர் “சுவரில் நிறுத்தாதே” என்று ஊர்வலம் போனார்கள். “அவங்களும் வந்தாங்க பாய், அதுதான் முக்கியம்” என்றார்.

ஜும்ஆவுக்கு மத்தியப் பள்ளிவாசலுக்குப் போனோம். 1985இல் திறந்தது, பிரசா தெ எஸ்பான்யா மெட்ரோ நிலையத்துக்குக் கிட்ட. மொசாம்பிக்கிலிருந்தும் கினியாவிலிருந்தும், அந்த நாடுகள் விடுதலை பெற்ற காலத்தில் வந்தவர்களே அந்தச் சமூகத்தின் மூத்தவர்கள். 1496இல் வெளியே அனுப்பியவர்கள் ஏறக்குறைய 500 வருடம் கழித்துத் தங்கள் பேரரசின் வழியாகவே திரும்பி வந்தார்கள் என்று தம்பியிடம் சொன்னேன். கோபம் கொஞ்சம் ஆறி, ஒரு மாதிரி வெற்றி உணர்வோடுதான் வெளியே வந்தேன்.

5. சாவோ டொமிங்கோஸ்

அன்று பின்னேரம் திரும்பும் வழியில் ரொசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திறந்தவெளி. கினியாப் பெண்கள் தரையில் கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் தாவீதின் நட்சத்திரம் பதித்த கல். சுவரில் பல மொழிகளில் ஒரே வாசகம், லிஸ்பன் சகிப்புத்தன்மையின் நகரம் என்று. எதற்கு இது இங்கே என்று கல்லை வாசித்தேன்.

1506 ஏப்ரல். ஈஸ்டர் காலம். ஊரில் கொள்ளை நோய், வறட்சி. சாவோ டொமிங்கோஸ் கோயிலில் கூடியிருந்தவர்கள் ஒரு சிலுவையில் வெளிச்சம் தெரிகிறது, அற்புதம் என்றார்கள். அங்கே நின்ற ‘புதிய கிறிஸ்தவர்’ ஒருவர், அது மெழுகுதிரி வெளிச்சம்தானே என்றார். அவரை வெளியே இழுத்து அடித்துக் கொன்றார்கள். பிறகு பாதிரிகள் சிலர் தூண்டிவிட, மூன்று நாள், 19 முதல் 21 வரை, வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். சுமார் 2000 பேர் என்கிறார்கள், அதற்கும் மேலே சொல்பவர்களும் உண்டு. மன்னன் மனுவெல் நகரில் இல்லை. கேள்விப்பட்டதும் தூண்டிய பாதிரிகளுக்கும் மற்றவர்களுக்கும் மரண தண்டனை கொடுத்தான். ஆனால் பலவந்தமாக மதம் மாற்றிச் சந்தேகத்துக்கு ஆளாக்கி வைத்தவனும் அவன்தானே.

இந்த நினைவுக் கல்லை வைத்தது 2008இல். 500 வருடம் எடுத்திருக்கிறது. ஆனால் வைத்திருக்கிறார்கள். அதே கோயிலின் வாசலுக்கு முன்னால்.

உள்ளே போனேன். 1959இல் அந்தக் கோயில் தீப்பிடித்தது. கூரையைத் திரும்பப் போட்டவர்கள் தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். வெடித்து, உரிந்து, கருகிய தூண்கள். நாலைந்து வயதானவர்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின் வாங்கில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 21. ஈஸ்டர். கருகிய கோயில்.

நண்பர்களே, நான் ஏறாவூர்க்காரன். 2019 ஏப்ரல் 21 காலை மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். வெடிக்க வைத்தவன் எங்கள் மாவட்டத்து முஸ்லிம் இளைஞன். இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் அக்கா மகன் அன்று அங்கே இருந்தான். அவனுக்குப் பதினொரு வயது. உயிர் தப்பினான், இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அந்த நண்பரைப் போய்ப் பார்க்க எனக்கு ஐந்து கிழமை பிடித்தது. போன அன்று அரை மணி நேரம் இருந்தேன். அவருடைய உம்மா தேத்தண்ணி தந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு செயலமர்வுகளில் கண்டால் பாடத்திட்டம் பற்றிக் கதைப்போம், அவ்வளவுதான். அந்த நாட்களில் நமக்கும் நெருக்கடி இருந்தது. அபாயாவைப் பார்த்தார்கள், பைகளைக் கொட்டினார்கள், மே மாதத்தில் நம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். அதைப் பற்றி இதே முகநூலில் நான் நீள நீளமாக எழுதினேன். சீயோன் பற்றி ஒரு கண்டன வரி போட்டேன்.

வகுப்பிலும் அப்படித்தான். 1626 பற்றி முழுப் பாடவேளையும் பேசுவேன். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைக் கொன்றதையும், எங்கள் ஏறாவூரில் இரவில் நடந்ததையும் கண் கலங்கச் சொல்வேன். சொல்லத்தான் வேண்டும், நான் அதைக் கண்டு வளர்ந்தவன். 2019 வந்தால் “அது இஸ்லாம் இல்லை, அடுத்த பக்கத்துக்குப் போவோம்” என்பேன். பெலெங்கில் அந்தப் பெரிய கல்லைப் பார்த்து, எங்களை விரட்டியதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேனே, அந்தக் கேள்வி சாவோ டொமிங்கோஸில் என்னிடம் திரும்பி வந்தது.

அங்கிருந்தே நண்பருக்குத் தூணின் படத்தை அனுப்பினேன். கூடவே ஒரு குரல் பதிவு. ஐந்து கிழமை வராமல் இருந்ததற்கும், வந்து ஒன்றும் சொல்லாமல் போனதற்கும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், விமான நிலையத்தில் வைத்து, ஒரு வரி வந்தது: “வந்தா வீட்ட வா மச்சான். கதைப்பம்.”

போனேன். அக்காவும் மகனும் இருந்தார்கள். பிள்ளை இப்போது வளர்ந்த பையன், ஒரு காது கேட்காது. அக்கா அழவில்லை, ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “சேர், உங்கட பிள்ளைகளுக்கு இதப் பத்தி என்ன சொல்லிக் குடுக்கிறீங்க?”

ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

இந்தத் தவணையில் போர்த்துக்கேயர் வருகைப் பாடத்தோடு லிஸ்பன் படங்களைக் காட்டினேன். மடாலயம், உலகப் படம், மொவ்ராரியா, கடைசியில் சாவோ டொமிங்கோஸ். 1506ஐச் சொன்னேன். பிறகு 2019ஐச் சொன்னேன், அடுத்த பக்கத்துக்குப் போகாமல். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு மாணவன் எழும்பி, “அவங்க நம்மட ஆக்கள் இல்ல சேர்” என்றான். இத்தனை வருடமாக நானே சொல்லிக்கொடுத்த பதில் அது. “லிஸ்பன்காரரும் அந்தப் பாதிரிகளைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கலாம் மகன். அப்போ அந்தக் கல்லை ஏன் கோயில் வாசலில் வைத்தார்கள்?” என்று கேட்டேன். பதில் உடனே வரவில்லை. மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளையில் அதிலிருந்துதான் தொடங்கினோம், இன்னும் முடியவில்லை. வீட்டிலிருந்து ஒரு தந்தை வந்து, பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்டார். அவரோடும் இருந்து கதைத்தேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

ஆக, லிஸ்பனில் என்ன பார்த்தீங்க என்று கேட்பவர்களுக்கு: கோட்டைக்குக் காலையில் ஏறுங்கள். பெலெங்குக்கு அரை நாள் வையுங்கள், திங்கள் தவிர. கார்மு கோயிலுக்கு ஒரு மணி நேரம், மார்த்திங் மொனிஸில் பகல் சாப்பாடு, வெள்ளி என்றால் மத்தியப் பள்ளிவாசல். ரொசியோவுக்கு எப்படியும் போவீர்கள், அங்கேயிருந்து சாவோ டொமிங்கோஸ் இரண்டு நிமிட நடை. சுற்றுலாப் பேருந்தில் போகிறவர்கள் பெரும்பாலும் வெளியே நின்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் உள்ளே போங்கள். பத்து நிமிடம் இருங்கள்.

நண்பரின் அக்கா மகனுக்காக துஆச் செய்யுங்கள். இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறான். வரலாறு கொஞ்சம் கஷ்டமாம். ஞாயிறு பின்னேரங்களில் மட்டக்களப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.